மத்தியான இலை

நிர்மலாவின் புழு மனைக்குள் நுழைகிறவர் எவராயினும் தம்முடைய வாசனையை முதலில் வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். பட்டுப்புழுவுக்குக் கண் மங்கல் என்பதும், மணத்தை அது உடம்பு முழுவதாலும் உணரும் என்பதும் அவளுடைய முடிபு. ஆகையால் இளம்புழுக்கள் தட்டுகளில் வந்து இறங்கிய நாள்முதல் அந்த வீட்டில் மல்லிகை கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது, கொசுவத்தி கிடையாது. மாலையில் சாமிக்கு விளக்கு உண்டு, கற்பூரம் இல்லை. இலை அறுக்க வரும் பாஞ்சாலி, இடுப்பிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை அவிழ்த்து வேலியோரக் கிளுவை மரத்தின் கவட்டில் செருகிவிட்டுத்தான் உள்ளே வருவாள். போகும்போது மறவாமல் எடுத்துக்கொள்வாள்.

"எங்க மாமியாளுக்குக் கூட நான் இம்மாம் பயந்ததில்லக்கா," என்பாள். "இந்தப் புழுவுக்குப் பயந்து பல்லு நமநமங்குது."

"பயப்படு. கூடு கட்டட்டும், மொழம் மொழமா பூ வாங்கித் தர்றேன்."

"பூவு எதுக்கு? நல்ல பொயிலையா ஒரு கட்டு வாங்கிக் குடு, போதும்."

காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பினால், பாறைக் குன்றுகளுக்கு நடுவே அவர்களுடைய தோட்டம்; அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லி. செம்மண். மழை பெய்தால் கேழ்வரகும் அவரையும் விளைந்த நிலம். இப்போது கிணற்றுத் தண்ணீரில் மல்பெரி செழித்து நின்றது. மேற்கு வேலிக்கு அப்பால் பச்சியப்பனின் தக்காளித் தோட்டம். அந்தக் கிணற்றிலிருந்துதான் அதற்கும் தண்ணீர் போயிற்று. கொல்லியின் நடுவில், தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்து, பக்கத்துக்குப் பக்கம் சன்னல் வைத்து நின்றது புழு மனை. ஊரார் அதைச் 'செட்டு' என்பார்கள். உள்ளே இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு. வாசற்படியில் பிளீச்சிங் தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டி. காலை நனைக்காமல் அதைத் தாண்ட முடியாது.

கடைசித் தோலை உரித்துவிட்ட புழுக்கள் தின்னத் தொடங்கினால், வெளியில் நிற்பவருக்கு ஓலைக் கூரையில் மழை விழுவதுபோல் கேட்கும். மாசி மாதத்து வெயிலில் அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, அறியாதவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதுண்டு.

நிர்மலாவின் கணவர் மாதவராஜைப் பற்றி ஊரில் இரண்டு செய்திகள் வழங்கின. பட்டாளத்தில் சண்டைக்குப் போய்க் காயப்பட்டவர் என்பது ஒன்று. கல்கத்தாவில் பந்தாடிச் சம்பளம் வாங்கியவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஊரார் அவற்றை இணைத்த இடத்தில்தான் பிழை நேர்ந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவரை, அவர் கைகளின் நீளத்துக்காகவே பட்டாளம் எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். ரெஜிமென்ட் அணியின் கோல்கீப்பராக இருந்தார். கார்கில் சண்டை வந்தது. பந்தை வைத்துவிட்டு மலை ஏறினார். இடது தொடையில் ஓர் இரும்புச் சில்லுடன் இறங்கினார். சில்லை எடுக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார்கள் மருத்துவர்கள். அதுவும் அப்படியே இருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்கத்தாவில் ஒரு கிளப்பார் அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டனர். வலது முழங்கால் கெட்டது அங்கேதான். மழைநாள் ஒன்றில், சேற்றுக்குள், எதிரணிக்காரன் ஒருவன் பந்தென்று எண்ணி அவர் காலை உதைத்துவிட்டான்.

இப்போது வலது காலைச் சற்றே சாய்த்து அவர் நடப்பதைக் கண்டு, 'குண்டு பட்ட காலு' என்று பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். "குண்டு பட்டது அந்தக் காலுங்க, அது நல்லாத்தான் நடக்குது" என்று முதலில் சில ஆண்டுகள் விளக்கிப் பார்த்தார். ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதன்பின் விளக்குவதை விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கல்கத்தாவுக்குப் பிறகு ஓசூர். ஒரு தொழிற்சாலை வாயிலில் காவல் வேலை. அங்கும் சீருடை இருந்தது, தொப்பி இருந்தது. உள்ளே போகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டியிருந்தது. கார்கள் கண்ணாடியை ஏற்றியபடியே போயின. மலையில் நின்றதைக் காட்டிலும் அந்த வாயிலில் நின்றதுதான் தம்மைக் களைக்க வைத்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. நிர்மலாவுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பட்டாளம், கல்கத்தா, ஓசூர் என்று புருஷனைத் தொலைபேசியிலேயே வைத்துக் குடித்தனம் நடத்தியவள் அவள். மகளைப் பெற்றதும், படிக்க வைத்ததும், பெங்களூருக்குக் கட்டிக்கொடுத்ததும் பெரும்பாலும் தனியாகத்தான். ஒருநாள் அவளே போய்ப் பட்டு வளர்ப்புப் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வந்து, "செட்டுப் போடப் போறேன். தனியாளா முடியாது. நீங்க வூட்டுக்கு வரணும்" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

முதல் தடவை பால்நோய் வந்து புழுக்கள் வீங்கிச் செத்தன. இரண்டாவது தடவை ஈ மொய்த்துக் கூடு பாழாயிற்று. மூன்றாவது தடவை புழு இறக்கும்போது மாதவராஜே வாயைவிட்டுச் சொல்லிவிட்டார்.

"இதுவும் எழும்பலைன்னா செட்டுக்குப் பூட்டுப் போட்டுரலாம் நிர்மலா. நான் ஓசூருக்கே போறேன்."

நிர்மலாவின் தம்பி அறிவழகன் அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். வாயில் வேலையை அக்காள் வீட்டுக்காரருக்காக நிறுத்தி வைத்திருந்தான். 'திங்கட்கிழமை காலையில ஒரு முடிவு சொல்லிடணும் அக்கா, அதுக்கு மேல தாங்காது' என்று கேட்டிருந்தான்.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தருமபுரியில் பழைய ஆட்டக்காரர்களுக்கான நட்பு ஆட்டம். தருமபுரிக்காரர்கள் ஒருபுறம், கிருஷ்ணகிரிக்காரர்கள் மறுபுறம். புழுக்கள் இன்னும் இரண்டு நாள் தின்றால் பழுத்துக் கூடு கட்டத் தொடங்கிவிடும் என்ற நிலையில் இருந்தன.

"போயிட்டு வாங்க," என்றாள் நிர்மலா. "ஆசையா இருக்குதுன்னு மூஞ்சிலயே தெரியுது. ஆனா மத்தியான எலைக்கு வூட்ல இருக்கணும்."

"ஆட்டம் பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்."

"ஆட்டம் முடியும். நீங்க முடிப்பீங்களா? ஒவ்வொரு பந்தையும் உக்காந்து வெச்சுப் பேசுவீங்க."

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. எனினும் அன்று பேசுவதற்குத் தகுந்த பந்து ஒன்று வந்தது. ஆட்டம் முடியச் சற்று முன்னர், இருபுறமும் சமமாக நிற்கையில், கிருஷ்ணகிரிக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவர் வலது மூலையைப் பார்த்தார். மாதவராஜ் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். இடுப்பு பொய் சொல்லாது. இடப்பக்கம் பாய்ந்தார். பந்து விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போயிற்று. விழுந்தபோது வலது முழங்கால் அடியில் மடங்கிற்று.

"மாப்ள! அப்படியே இரு, அசையாத," என்று ஓடி வந்தார் குப்புராஜ். கடத்தூர்க்காரர்; மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; பள்ளி நாளிலிருந்து மாதவராஜுக்கு முன்னால் நின்று தடுத்தாடியவர். சுருக்கமாகப் பேசுவது அவரால் இயலாது. ஆட்டம் முடிந்ததும் வேட்டியைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்த நண்பரின் காலைத் தம் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்து முழங்காலில் பிதுக்கித் தேய்த்தார். "இந்த வயசுல எவன்டா பாய்வான்? அவன் இன்னும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறான் பாரு! பந்து எங்க போச்சுன்னே அவனுக்குத் தெரியல."

"இடுப்பப் பாத்தேன் குப்பு. இடுப்பு இந்தாண்ட திரும்பிருச்சு."

"அத இன்னொரு தடவ சொல்லு."

இன்னொரு தடவை சொன்னார். அதற்கும் பிறகு இரண்டு தடவை சொன்னார். கையுறையைக்கூடக் கழற்றாமல் கையை ஆட்டி ஆட்டி அவர் சொல்லச் சொல்ல, குப்புராஜ் தேய்க்கத் தேய்க்க, முழங்கால் குளிர்ந்து, பின்பு சூடேறி, வலி மறைந்தது. வெயில் ஏறியிருந்தது. மத்தியான இலை நினைவுக்கு வந்தவுடன் இருவரும் வண்டியில் பறந்தார்கள்.

நிர்மலா செட்டு வாசலில் நின்றிருந்தாள். "நேரத்துக்கு வந்துட்டாரே! மழதான் வரப் போவுது. வாங்கண்ணா, செயிச்சீங்களா?"

"செயிக்கல, தோக்கவும் இல்ல தங்கச்சி. உன் வூட்டுக்காரன் தோக்க வுடல," என்றார் குப்புராஜ். வெளியாள் உள்ளே போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். புங்க மரத்தடியில் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாதவராஜ் வழக்கம்போல் சட்டையை மாற்றினார். கைகளைக் கழுவினார். பிளீச்சிங் தொட்டியில் பாதங்களை நனைத்தார். எல்லாவற்றையும் முறைப்படியே செய்தார். அன்று படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுகிற நாள். ஆகையால் மூவரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டார்கள். வலப்பக்க வரிசையை நிர்மலா எடுத்துக்கொண்டாள். இடப்பக்கத்து மேலடுக்கும் நடுவடுக்கும் பாஞ்சாலிக்கு. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே போகலாம் என்பதால் கீழடுக்கு எப்போதும் மாதவராஜுக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை மல்பெரித் தண்டுகளைப் பரப்பிக்கொண்டே போனார். வெள்ளை வெளேரென்று விரல் பருமனில் இருந்த புழுக்கள் தலையை ஆட்டித் தண்டின்மேல் ஏறின. செட்டுக்குள் மழை தொடங்கிற்று.

புழுக்கள் உண்ட பின்னர்தான் அந்த வீட்டில் மனிதர் உண்பது. கேழ்வரகுக் களியும், அவரைக்கொட்டைக் குழம்பும், கடைந்த கீரையும். குப்புராஜ் களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்கியவாறே பெனால்டியை நிர்மலாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவள் கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"சத்தத்தக் காணமே."

"நாந்தான் சத்தமா பேசிட்டிருக்கேனே தங்கச்சி."

"அண்ணா, கொஞ்சம் வாய மூடுங்க."

அவர் மூடினார். கொல்லி முழுவதும் வெயில் மட்டுமே இருந்தது. செட்டிலிருந்து மழையின் ஓசை வரவில்லை. நிர்மலா கையைக் கழுவாமலே ஓடினாள். செட்டு வாசலிலிருந்து திரும்பி வந்து கழுவிக்கொண்டு மறுபடியும் ஓடினாள். பின்னாலேயே பாஞ்சாலி.

"அக்கா! அத்தினியும் தலையத் தூக்கிக்கிட்டு நிக்குதுக்கா!"

தண்டுகள் பச்சைப் பசேலென்று அப்படியே கிடந்தன. புழுக்கள் பாதி உடலை நிமிர்த்தித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. சில வாயிலிருந்து பச்சை நீரைக் கக்கின. நிர்மலா வெளியே வந்தாள். மேற்கு வேலிக்கு அப்பால், தக்காளித் தோட்டத்தின் கோடியில், முதுகில் மருந்துத் தொட்டியுடன் பச்சியப்பன் நடந்துகொண்டிருந்தான். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வேலியைச் சுற்றிப் போக நேரமில்லாமல், முள்ளை விலக்கிக்கொண்டு நுழைந்துவிட்டாள்.

"பச்சியப்பா! கொன்னுட்டியேடா பாவி!"

"யாரைங்க அண்ணி?" பச்சியப்பன் உண்மையாகவே சுற்றுமுற்றும் பார்த்தான்.

"புழு இருக்கிற வரைக்கும் மருந்தடிக்க மாட்டேன்னு சொன்னியா இல்லியா?"

"வேலிப் பக்கம் அடிக்க மாட்டேன்னு சொன்னேன். இது கெழக்கத்திக் காத்து, பாருங்க. எம் மருந்து எம் மூஞ்சிலதான் அடிக்குது. உங்க செட்டுக்கு எப்படிப் போவும்?"

"காத்து உங்கிட்ட சொல்லிட்டு வருதா? தலையத் தூக்கிக்கிட்டு நிக்குது அத்தினியும்! இன்னியோட உன் கொல்லிக்கு எங் கெணத்துத் தண்ணி கெடையாது. இந்தத் தக்காளி காஞ்சு கருவாடாப் போவட்டும்!"

பச்சியப்பன் மருந்துத் தொட்டியை இறக்கிக் கீழே வைத்தான். பொறுமையான ஆள்தான், ஆயினும் தண்ணீரைச் சொன்னால் எவனுக்கும் பொறுமை நில்லாது.

"நல்லாருக்குது ஞாயம்! ரெண்டு தடவ போனதுக்கும் நாந்தான் மருந்தடிச்சனா? ஓசூருக்குப் போறவங்க போவ வேண்டியதுதான. போறதுக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்கு நான் கெடச்சனா?"

அந்தச் சொல் எங்கே தைத்தது என்பது நிர்மலாவின் முகத்தில் தெரிந்தது. அவள் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள்.

இவ்வளவும் நடக்கையில், மாதவராஜ் செட்டின் வாசலில், தொட்டிக்கு இந்தப் புறமாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கோல் விழுந்தபின் பந்து எந்தக் கோணத்தில் வந்தது என்று திரும்பப் பார்க்கிற வழக்கம் அவருக்கு. மேற்குச் சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது வலப்பக்க வரிசை. மருந்து காற்றில் வந்திருந்தால் அதுதான் முதலில் விழ வேண்டும். அங்கே புழுக்கள் சற்றே மந்தமாக இருந்தன. ஆனால் தலையைத் தூக்கவில்லை. இடப்பக்கம் மேலடுக்கில் பாதியளவு. நடுவடுக்கில் அதைவிட மிகுதி. கீழடுக்கில்தான் கூட்டம் கூட்டமாக நிமிர்ந்து நின்றன. அதுவும் அவர் தரையில் நகர்ந்துகொண்டே போன வழியெல்லாம். இலை எல்லா அடுக்குக்கும் ஒரே கட்டுத்தான். அப்படியானால், கீழடுக்கில் மட்டும் மிகுந்திருந்தது எது?

இலை வைத்தபோது மூவர் மூக்கும் துணிக்குள் இருந்தன. குனிந்து தம் முழங்காலை முகர்ந்தார்.

கற்பூரமும், நீலகிரித் தைலமும், இன்னும் என்னென்னவோ சேர்ந்து கண்ணில் நீர் வரவழைத்தன. பந்தயக் குதிரைக்குத் தேய்க்கிற மருந்துபோல் நாறிற்று. கையைக் கழுவியிருந்தார், பாதத்தைக் கழுவியிருந்தார், சட்டையை மாற்றியிருந்தார். முழங்காலை நினைக்கவே இல்லை.

"குப்பு," என்றார். "நம்ம களிம்புதான்."

குப்புராஜ் ஒருகணம் தம் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். பின்பு குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, யாருக்கும் தெரியாது. அவன்தான் மருந்தடிச்சிட்டு நிக்கிறானே. அப்படியே போவட்டும் வுடு. தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்னிய இந்தப் பக்கம் சேக்க மாட்டா. உன்னிய மட்டும் சேத்துக்குவாளா?"

மாதவராஜ் நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். அவருடைய அணியில் ஒரு வழக்கம் இருந்தது. கோல் விழுந்துவிட்டால், மற்றவர்கள் ஒருவரையொருவர் திட்டத் தொடங்குவதற்கு முன்பே, பிழை செய்தவன் கையை உயர்த்திவிட வேண்டும். உயர்த்தினால் அதோடு தீர்ந்தது. பந்தை நடுவில் வைத்து ஆடத் தொடங்கலாம். உயர்த்தாவிட்டால் ஆட்டம் முடியும்வரை அணி இரண்டாகத்தான் நிற்கும். அவர் வேலியை நோக்கி நடந்தார். முள்ளைத் தாண்டித் தக்காளிப் பாத்தியின் வரப்பில் ஏறியதும், வலது கையை நேராகத் தலைக்குமேல் உயர்த்தினார். உயர்த்திய கையோடு நடந்து வந்தார்.

பச்சியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிர்மலாவுக்கு விளங்கிற்று. கல்கத்தாவுக்கு ஒரே ஒரு தடவை போயிருந்தாள். அன்றைய ஆட்டத்தில் கால்களுக்கு நடுவே ஒரு பந்தை விட்டுவிட்டு, அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் அவர் இப்படித்தான் கையை உயர்த்தி நின்றார். மண்கட்டி அவள் கையிலிருந்து கீழே விழுந்தது.

"என்னாத்த பண்ணீங்க?"

"சேம் சைடு கோல் போட்டுட்டேன் நிர்மலா. முட்டியில களிம்பு. குப்பு தேச்சான். அதோடயே உள்ள போயிட்டேன். பச்சியப்பன் மேல தப்பில்ல."

நிர்மலா அவர் முகத்தைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், புங்க மரத்துக்குப் பின்னால் மறைய முயன்றுகொண்டிருந்த குப்புராஜைப் பார்த்தாள்.

"பூ வெச்சுக்கல நானு," என்றாள். "அவ பொயில போடல. சாமிக்குக் கற்பூரம் காட்டல. நீங்க ஒரு மருந்துக் கடையவே கால்ல கட்டிக்கிட்டு வந்து, அதுங்க மூக்குக்கு நேரா உக்காந்திருக்கீங்க."

"ஆமா."

"ஆமாவா? ஆமாங்கிறாரு பாரு!"

"திட்டறத அப்பறமா வெச்சுக்க. மேல ரெண்டு அடுக்கும் இன்னும் சாவல. வலப்பக்கத்து வரிசை மந்தமாத்தான் இருக்குது. காத்தோட்டம் குடுத்து, படுக்கைய மாத்திப் புது எல வெச்சா ஏறும். ஏறுனது பொழைக்கும்."

அவர் குரலில் கலக்கம் இல்லை. அது அவளையும் நிமிர்த்திற்று. பச்சியப்பனிடம் திரும்பினாள். "தம்பி, பேசுனது பேசியாச்சு. மனசுல வெச்சுக்காத. உன் வூட்டுக்காரி சென்னம்மாள அனுப்பு, உள்ள கை பத்தாது."

"அனுப்பறன் அண்ணி. அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க. தண்ணி வருமா, வராதா?"

"வரும் போ!"

"அந்தக் கருவாடு?"

"போடாங்கிறேன்!"

அதன்பின் கட்டளைகள் அனைத்தும் நிர்மலாவுடையவை. பச்சியப்பன் மருந்து பட்ட உடம்புடன் வேலியைத் தாண்டக் கூடாது. குப்புராஜ் இலையைத் தொடவே கூடாது. தூரத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் சாக்குகளை நனைத்துப் போட வேண்டும், அவற்றைச் சென்னம்மாள் எடுத்துச் சன்னலில் தொங்கவிடுவாள். "நீங்க," என்று கணவரிடம் சொன்னாள், "குளிச்சிட்டு எல அறுங்க. அந்தப் புங்க மரத்தத் தாண்டி ஓரடி வெச்சீங்க, நானே உங்கள ஓசூர் பஸ்ஸுல ஏத்தி வுட்டுருவேன்."

மாதவராஜ் சீயக்காய் போட்டு மூன்று முறை குளித்தார். கழுவக் கழுவ மணம் கூடியதே ஒழியக் குறையவில்லை. ஈரத்துணியை முழங்காலில் சுற்றி, அதன்மேல் உரச்சாக்கின் உள்பையை இறுகக் கட்டிக்கொண்டு, அரிவாளுடன் மல்பெரிக்குள் இறங்கினார். நல்ல வேளையாக, களிம்பைத் தேய்த்தது குப்புராஜின் கை. மாதவராஜின் கை அப்போது கையுறைக்குள் இருந்தது. தண்டுகளை அறுத்தார், கையளவுக் கட்டுகளாகக் கட்டினார், மரத்தடியில் அடுக்கினார்.

உள்ளே பழைய படுக்கையின்மேல் புதுத் தண்டைப் பரப்ப வேண்டும். பிழைக்கிற புழு ஏறிக்கொள்ளும். ஏறியவற்றைத் தண்டோடு தூக்கி வேறு அடுக்குக்கு மாற்ற வேண்டும். மூன்று பெண்களின் ஆறு கைகளும் அதிலேயே கட்டுண்டு கிடந்தன. மரத்தடியிலிருந்து கட்டுகளை எடுத்துப்போக ஆளில்லை.

மாதவராஜ் ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்துப் பார்த்தார். மலையில் இரவு ஏற்றத்தின்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதைச் செய்திருக்கிறார். அங்கே பீடி கூடாது, தைலம் கூடாது. தம் மணம் எந்தப் பக்கம் போகிறது என்று அறியாதவன் அடுத்த அடியை வைக்கக் கூடாது. உதிர்ந்த மண் மேற்கே சாய்ந்தது. காற்று செட்டிலிருந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிற்கிற இடம் சரியானதே.

"நிர்மலா! வாசலுக்கு வா!"

"எதுக்கு? வேல கெடக்குது!"

"வந்து நில்லு. கைய நெஞ்சுக்கு நேரா வெச்சுக்க."

கோல்கீப்பர் பந்தை நடு மைதானத்துக்கு எறிகிற எறிதான். கை பின்னால் போய், தோளுக்கு மேல் வளைந்து வந்தது. இலைக்கட்டு தொட்டியைத் தாண்டி வாசலுக்குள் பறந்தது. நிர்மலா விலகிக்கொண்டாள். பின்னால் நின்ற பாஞ்சாலியின் முகத்தில் அது போய் விழுந்தது.

"ஐயோ மாமா! கோலு வுழுந்திருச்சு!" என்று பாஞ்சாலி அலறினாள். புங்க மரத்தடியில் குப்புராஜ் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, நிர்மலாவின் பார்வை பட்டதும் சாக்கை நனைக்கப் போனார்.

"ஏன் வெலகுற?" என்றார் மாதவராஜ். "பந்தப் பாத்து வெலகக் கூடாது. பந்துதான் உன்னத் தேடி வருது. வாங்கிக்க, அவ்ளோதான்."

இரண்டாவது கட்டு அவள் விரலில் பட்டுச் சிதறிற்று. மூன்றாவதை மார்போடு அணைத்துப் பிடித்தாள். அதற்குப்பின் ஒன்றும் தவறவில்லை. பொழுது சாயும்வரை அவர் அறுத்தார், கட்டினார், எறிந்தார். அவள் பிடித்தாள், திரும்பினாள், பரப்பினாள். இடையில் அவர் அறுக்கக் குனிந்தால், "எங்க, கட்டு எங்க?" என்று வாசலில் நின்று கையைத் தட்டினாள். வேலிக்கு அப்பால் மருந்துத் தொட்டியின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பச்சியப்பன், "அண்ணி, உங்களத்தான் கல்கத்தாவுக்கு அனுப்பியிருக்கணும்" என்றான்.

கீழடுக்கில் பெரும்பகுதி ஏறவே இல்லை. அதைக் கூடைகூடையாக வாரிக் குழியில் கொட்டி மண் தள்ளினாள் பாஞ்சாலி. மற்ற அடுக்குகளில் புழுக்கள் தண்டில் ஏறின. ஏறிவிட்டுச் சும்மா கிடந்தன. தின்றால் கூடு உண்டு. தின்னாவிட்டால் ஏறியும் பயனில்லை. அது காலையில்தான் தெரியும். அன்று இரவு நிர்மலா களியைத் தட்டில் வைத்து, புங்க மரத்தடிக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். தானும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"கால் வலிக்குதா?"

"இல்ல. நல்ல களிம்புதான் அது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பை ஊற்றினாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது குன்றுகளின்மேல் வெளிச்சம் இன்னும் மஞ்சளாகவில்லை. மாதவராஜ் அதற்குள் மல்பெரிக்குள் இறங்கியிருந்தார். முழங்கால் உரச்சாக்கோடு சரசரத்தது. நிர்மலா தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அவர் அரிவாளை நிறுத்திவிட்டுக் காதைக் கூர்மையாக்கிக் கொண்டு நின்றார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தூறல்போல் ஏதோ. அது தென்னங்கீற்றில் காற்று உராய்வதாகவும் இருக்கலாம் என்று எண்ணினார். கீற்றைப் பார்த்தார். அது அசையவில்லை.

அவள் வாசலுக்கு வந்தாள். கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றாள். அவர் முதல் கட்டை எறிந்தார். அவள் பிடித்தாள்.

கட்டுகள் பாதி உள்ளே போயிருக்கும். அவள் இடுப்பில் செருகியிருந்த தொலைபேசி ஒலித்தது. அறிவழகன்.

"அக்கா, திங்கட்கிழமை ஆயிடுச்சு. மாமாவ இன்னிக்கி அனுப்பறியா? மேனேஜர் கேட்டுக்கிட்டே இருக்காரு. கேட்டுல ஆளில்லாம நிக்குது."

நிர்மலா தொலைபேசியை உள்ளே நீட்டி, வலப்பக்க வரிசையின் நடுவடுக்கில், இலைக்கு அருகில் பிடித்தாள். சற்று நேரம் பிடித்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"என்னக்கா அது, அங்க மழையா? இங்க வெயில் கொளுத்துது."

"ஆமாண்டா. எங்க செட்டுக்குள்ள மட்டும் நல்ல மழ."

"சரி, மாமா எப்ப வர்றாரு?"

புங்க மரத்தடியில் மாதவராஜின் கை பின்னால் போய்விட்டது.

"அவரு வர மாட்டாரு. கட்டு வருது, நான் போன வெக்கிறேன்," என்றாள் நிர்மலா. பிடிப்பதற்கு இரண்டு கைகளும் அவளுக்கு வேண்டியிருந்தன.